பரணுக்காக டிரஸ்ஸில் கை வைக்கலாமா? ஐந்து வழிகளும் அவற்றின் எடைக் கணக்கும்

சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் வருகிறது. இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, குறுக்கே சாய்ந்து நிற்கும் இந்தச் சட்டங்களை மட்டும் எடுத்துவிட்டால் ஓர் அறையே கிடைக்குமே என்று. அந்தச் சட்டங்கள் டிரஸ்ஸின், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோண மரச் சட்டகத்தின், அங்கங்கள். அவை குறுக்கே நிற்பதால்தான் கூரை நிற்கிறது. அதற்காகப் பரண் ஆசையையே விட்டுவிட வேண்டியதில்லை. வழிகள் ஐந்து இருக்கின்றன. எது யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றே: வைக்கப்போகும் பெட்டியின் எடை எந்த வழியாகச் சுவருக்குப் போய்ச் சேரும்?

## முதலில், டிரஸ் எப்படி வேலை செய்கிறது

இங்கே பேசுவது மர டிரஸ்ஸை. சரிவாக இரண்டு மேல்சட்டங்கள், கிடையாக ஓர் அடிச்சட்டம், இடையில் ஆங்கில 'டபிள்யூ' வடிவில் நான்கு ஊடுசட்டங்கள். மூட்டுதோறும் இருபுறமும் அழுத்திப் பதித்த பல்லுள்ள ஆணித்தகடு. இந்த வகைக்கு ஃபிங்க் டிரஸ் என்று பெயர். சட்டங்கள் பெரும்பாலும் 35 முதல் 38 மி.மீ. தடிப்பும் ஏறக்குறைய 90 மி.மீ. உயரமும் உள்ளவை. ஒரு டிரஸ்ஸுக்கும் அடுத்ததற்கும் 600 மி.மீ. இடைவெளி இருக்கும்.

இவ்வளவு ஒல்லியான மரம் 8 மீட்டரைத் தாண்டி நிற்பதற்குக் காரணம் முக்கோணம். கூரையின் எடை மேல்சட்டங்களை வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கும். அடிச்சட்டம் அதை இழுத்துப் பிடித்திருக்கும். அடிச்சட்டத்தை உத்திரம் என்று நினைப்பதில்தான் பிழை ஆரம்பிக்கிறது. அதன் முதல் வேலை கயிற்றின் வேலை. சீலிங்கைச் சுமப்பது அடுத்த வேலை.

ஊடுசட்டங்களை எடுத்தால் என்ன ஆகும்? அவை மேல்சட்டத்தை நடுவில் தாங்குகின்றன. அந்தத் தாங்கல் போனால், தாங்கலற்ற நீளம் இரட்டிப்பாகும். வளைவுச் சுமை நீளத்தின் வர்க்கமாகக் கூடும், அதாவது 4 மடங்கு. தொய்வு நாலாம் படியாகக் கூடும், அதாவது குறைந்தது 16 மடங்கு. அடிச்சட்டத்தின் பாடு இன்னும் மோசம். மூன்று துண்டாகத் தாங்கப்பட்டிருந்தது ஒரே நீளமாகத் தொங்கும். 3-இன் நாலாம் படி 81. வெட்டிய அன்று ஒன்றும் நடக்காமல் போகலாம். காய்ந்த மரம் மெதுவாகத்தான் தொய்யும், பலமான காற்றோ பனியோ வரும் நாள் வரை காத்திருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

தாங்கும் எடை. பிரிட்டனில் சாதாரண டிரஸ்ஸின் அடிச்சட்டத்துக்கு வழக்கமாகக் கணக்கில் எடுக்கும் பரண் சுமை சதுர மீட்டருக்கு 0.25 கிலோநியூட்டன், அதாவது சுமார் 25 கிலோ. அமெரிக்க வீட்டு விதிகளில், பொருள் வைக்காத பரணுக்குச் சதுர அடிக்கு 10 பவுண்டு (சுமார் 49 கிலோ/ச.மீ.), அளவான பொருள் வைக்கும் பரணுக்கு 20 பவுண்டு (சுமார் 98 கிலோ/ச.மீ.). ஊடுசட்டங்களுக்கு நடுவே 42 அங்குல உயரமும் 24 அங்குல அகலமும் கொண்ட செவ்வகம் நுழையுமானால், அங்கே யாராவது பொருள் வைக்கத்தான் போகிறார்கள் என்று கருதி இந்த 20-ஐ எடுக்கச் சொல்கிறது விதி. நியாயமான சந்தேகம்தான். உங்கள் டிரஸ்ஸுக்கு எது என்பது தயாரிப்பாளர் தந்த வடிவமைப்புத் தாளில், அடிச்சட்டத்தின் லைவ் லோடு (பொருள், ஆள் என வந்துபோகும் சுமை) என்ற இடத்தில் இருக்கும். தாள் கிடைக்கவில்லையென்றால் இருப்பதிலேயே சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

எடை போகும் வழி. டிரஸ் வழியாகவா, டிரஸ்ஸைத் தொடாமல் நேரே சுவருக்கா?

இழப்பது எது. வெப்பக்காப்புப் பஞ்சு, இறவாரக் காற்றோட்டம், சீலிங்கின் விரிசலற்ற தன்மை.

பழையபடி திருப்ப முடியுமா. பலகையைக் கழற்றலாம். வெட்டிய சட்டத்தை ஒட்ட முடியாது.

ஏறும் வழி. இதைக் கடைசியில் யோசிப்பவர்கள்தான் அதிகம். 600 மி.மீ. இடைவெளியில் மரத்தின் தடிப்பு போக மிஞ்சுவது 562 மி.மீ. ஏணிக் கதவு இதற்குள் அடங்க வேண்டும். அதன் நீளப்பக்கம் டிரஸ்ஸுக்கு இணையாக ஓட வேண்டும். கொஞ்சம் அகலமான கதவுக்காக ஓர் அடிச்சட்டத்தை அறுப்பது, ஊடுசட்டத்தை அறுப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்த தவறல்ல.

## வழி 1: டிரஸ்ஸைத் தொடாமல் இலேசான பலகைத் தளம்

ஃபிங்க் டிரஸ்ஸின் நடுவில், முகடுக்குக் கீழே, நீளவாக்கில் ஒரு முக்கோணச் சந்து ஓடுகிறது. 8 மீட்டர் அகலம், 30 டிகிரி சரிவு உள்ள கூரையில் அதன் அடி 2.67 மீட்டர், உச்சி 2.3 மீட்டர். ஒரு மீட்டர் உயரத்தில் அகலம் 1.5 மீட்டர். குனிந்து நடக்கவும் இருபுறமும் பெட்டி வைக்கவும் இது போதும்.

எடைக் கணக்கைப் பார்த்துவிட்டு மரம் வாங்குங்கள். 1.2 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளத்துக்குத் தளம் என்றால் 7.2 ச.மீ. சதுர மீட்டருக்கு 25 கிலோ வீதம் மொத்தம் 180 கிலோ. 18 மி.மீ. பலகையே சதுர மீட்டருக்கு 11 கிலோ. அடியில் போடும் குறுக்குச் சட்டங்களுக்கு இன்னும் 3. ஆக 100 கிலோ தளத்துக்கே போய்விடும். பொருளுக்கு மிஞ்சுவது 80 கிலோ. புத்தகம் நிறைந்த ஒரு நடுத்தரப் பெட்டி 20 கிலோவுக்குக் குறையாது, ஆக நாலே பெட்டி. துணிமணி, பண்டிகை அலங்காரப் பொருட்கள், காலிப் பெட்டிகள், கூடாரம் என்றால் இந்த 80 கிலோ தாராளம். பழைய புத்தகம், டைல்ஸ் மிச்சம், பெயின்ட் டப்பா, நெல் மூட்டை என்றால் இந்த வழியை இப்போதே விட்டுவிடலாம்.

செய்யும் முறை: அடிச்சட்டங்களுக்குக் குறுக்கே, ஒவ்வொன்றும் குறைந்தது நாலு டிரஸ்ஸைத் தொடும்படி நீளச் சட்டங்கள். அவற்றின் மேல் பலகை. பஞ்சு 270 மி.மீ. இருக்கிற பரணில் அடிச்சட்டம் 90 மி.மீ.தான் என்பதால் தளத்தை இன்னும் 180 மி.மீ.க்கு மேல் தூக்க வேண்டும். இதற்கென்றே பிளாஸ்டிக் கால்கள் விற்கிறார்கள், மரத்திலும் செய்துகொள்ளலாம். பஞ்சை நசுக்கி அதன் மேலேயே பலகை போடுவதுதான் நடைமுறையில் அதிகம் நடப்பது. நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் காப்பும் இல்லை. குளிர்ந்த இடங்களில் பலகையின் அடியில் ஈரம் கோக்கும், ஓராண்டில் பூஞ்சை தெரியும்.

முழுப் பிளைவுட் தாள் ஏணிக் கதவு வழியாக ஏறாது. 1200 × 400 மி.மீ. துண்டுகளாகக் கீழேயே அறுத்து ஏற்றுங்கள். பலகைகளுக்கு நடுவே 3 மி.மீ. இடம் விடுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், திருகுதான்: சுத்தியலின் ஒவ்வோர் அடியும் கீழே ஜிப்சம் போர்டின் திருகுகளைத் தளர்த்தும். 35 மி.மீ. மரம் எளிதில் பிளக்கும் என்பதால் முன்துளை போட்டு, நடுக்கோட்டில் திருகுங்கள். ஆணித்தகட்டின் மேல் ஒரு துளைகூடக் கூடாது. பெட்டிகளை ஊடுசட்டம் அடிச்சட்டத்தில் வந்து சேரும் மூட்டுக்கு அருகில் வையுங்கள். இரண்டு மூட்டுக்கு நடுவில் வைப்பதே மிக மோசமான இடம்.

## வழி 2: அடிச்சட்டத்துக்குத் துணைச்சட்டம்

தச்சரிடம் கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் யோசனை இதுதான். அடிச்சட்டத்தின் பக்கவாட்டில் இன்னொரு சட்டத்தை வைத்துத் திருகிவிடுவது. மலிவு, எளிது, பார்க்கவும் பலமாக இருக்கும். இந்த ஐந்தில் ஆளை ஏமாற்றும் வழியும் இதுவே.

38 × 89 சட்டத்தின் பக்கத்தில் 38 × 140 சேர்த்தால் விறைப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்காகும், ஏனென்றால் விறைப்பு உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. சீலிங் தொய்யாது, விரிசல் விடாது. ஆனால் பெட்டியின் எடை துணைச்சட்டத்திலிருந்து அடிச்சட்டத்துக்கும், அங்கிருந்து ஊடுசட்டத்துக்கும், மேல்சட்டத்துக்கும், கடைசியில் அடிமூலையில் உள்ள தகட்டுக்கும் போகிறது. அந்தத் தகடுகளின் பற்கள் ஏறக்குறைய 8 மி.மீ. நீளம், எண்ணிக்கையும் பழைய சுமைக்குக் கணக்கிட்டதுதான். அவற்றை நீங்கள் பலப்படுத்தவில்லை. எச்சரிக்கை மணியாக இருந்த தொய்வை மட்டும் நிறுத்தியிருக்கிறீர்கள். தளம் கல் மாதிரி இருப்பதைப் பார்த்து இன்னும் நாலு பெட்டி ஏற்றுவீர்கள்.

துணைச்சட்டத்தின் முனை சுவர்த்தட்டில் (சுவரின் மேல் படுக்கையாகக் கிடக்கும் மரத்தில்) உட்காருகிறதா என்றும் பாருங்கள். இறவாரத்தில் சரிவு இடிப்பதால் பலரும் சுவருக்கு அரை மீட்டர் முன்பே நிறுத்திவிடுவார்கள்.

இதோடு வரும் இன்னொரு வினை: நடுவில் ஓர் உள்சுவர் இருக்கிறதே, அதற்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே உள்ள சந்தில் ஆப்பு வைத்து முட்டுக்கொடுத்துவிடலாம் என்பது. அந்தச் சந்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். டிரஸ் இரண்டு முனையில் மட்டும் தாங்கப்படும் என்ற கணக்கில் செய்தது. நடுவில் முட்டுக்கொடுத்தால் விசைகள் தடம் மாறும்; இழுபட வேண்டிய ஊடுசட்டம் அமுக்கப்படும். மெல்லிய, நீளமான சட்டம் அமுக்கத்தில் வில்லாக வளைந்து விலகும்.

துணைச்சட்டம் உதவும் இடம் ஒன்று உண்டு: சுமை அதிகமில்லை, சீலிங் மட்டும் ஆடுகிறது அல்லது விரிசல் விடுகிறது என்றால் அதற்கு நல்ல மருந்து.

## வழி 3: டிரஸ்களுக்கு இடையே தனி உத்திரங்கள்

கனமான பொருள் வைத்தே ஆகவேண்டும், டிரஸ்ஸை வெட்டவும் கூடாது என்றால் என் ஓட்டு இதற்கு. ஒவ்வொரு 600 மி.மீ. இடைவெளியிலும் ஒரு புதிய உத்திரம். வெளிச்சுவரில் ஒரு முனை, எடை தாங்கும் உள்சுவரில் மறுமுனை. அது டிரஸ்ஸைத் தொடாது, சீலிங்கையும் தொடாது. பெட்டியின் எடை நேரே சுவருக்குப் போகிறது. ஊடுசட்டங்கள் எல்லாம் டிரஸ்ஸின் தடிப்புக்குள்ளேயே நிற்பதால் உத்திரம் அவற்றுக்கு இடையில் தடையின்றி ஓடும்.

முதற்கணக்காக: சதுர மீட்டருக்கு 100 கிலோ பொருள், தளத்துக்கு 50 கிலோ, சுவருக்குச் சுவர் 4 மீட்டர், 47 × 195 மி.மீ. மரம், 600 மி.மீ. இடைவெளி என்றால் நடுத்தொய்வு 9 முதல் 10 மி.மீ. வரை வரும். இந்த நீளத்துக்கு 12 மி.மீ. வரை ஏற்கலாம். இது நல்ல தரமான ஊசியிலை மரத்துக்கான எண். உங்கள் மரத்துக்குப் பொறியாளர் சரிபார்க்க வேண்டும். 600 மி.மீ. இடைவெளிக்குப் பலகை 18 போதாது, 22 மி.மீ. வேண்டும்.

உத்திரத்தின் அடிப்பாகம் சீலிங் போர்டுக்கு மேல் 25 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். முனைகளில் அந்த உயரத்துக்குக் கட்டை வைத்து ஏற்றினால் போதும். இந்த இடம் விடவில்லையென்றால், உத்திரம் தொய்யும்போது சீலிங்கை அமுக்கிக் கீழே விரிசலாகத் தெரியும். 195 மி.மீ. உயர மரமும் இந்த 25-ம் சேர்ந்து 220 மி.மீ. ஆகிறது, அந்தப் பள்ளத்துக்குள் அந்த அளவு வரை பஞ்சு நசுங்காமல் கிடக்கும். வழி 1-இல் பட்ட தொல்லை இங்கே பெருமளவு குறைகிறது.

சிக்கல்கள் மூன்று. ஒன்று, நடுச்சுவர். எல்லா உள்சுவரும் எடை தாங்கும் சுவரல்ல. அடியில் அஸ்திவாரம் இருக்கிறதா என்று தெரியாமல் அதன் மேல் 4 மீட்டர் உத்திரத்தை உட்காரவைக்கக் கூடாது. அப்படிச் சுவரே இல்லை, முழு 8 மீட்டரையும் தாண்ட வேண்டும் என்றால் சாதாரண மரம் உதவாது. இரும்பு விட்டம் போட்டு அதிலிருந்து உத்திரங்களைத் தொங்கவிட வேண்டும். செலவு வேறு தளத்துக்கு ஏறிவிடும்.

இரண்டு, இறவார முனை. 30 டிகிரி சரிவில் 195 மி.மீ. உயரம் முழுதாக அடங்க, சரிவு தொடங்கும் இடத்திலிருந்து கிட்டத்தட்ட 34 செ.மீ. உள்ளே வர வேண்டும். ஆகவே முனையின் மேல்பக்கத்தைச் சரிவாகச் சீவ வேண்டியிருக்கும். எவ்வளவு சீவலாம் என்பதைத் தச்சரின் கண்ணளவுக்கு விட வேண்டாம். சீவியபின் மிஞ்சும் உயரம்தான் முனையில் வரும் வெட்டுவிசையைத் தாங்கப்போகிறது.

மூன்றாவது, சிரிப்பு வரும் சிக்கல்: 4 மீட்டர் மரத்தை உள்ளே எப்படிக் கொண்டுபோவது? ஏணிக் கதவில் வளையாது. பக்கச் சுவரில் ஓட்டை போடுவார்கள் அல்லது இறவாரப் பலகையைக் கழற்றி, கூரை ஓடுகளை நாலு வரிசை எடுத்து நுழைப்பார்கள். இதற்கான ஆள்கூலியைக் கேட்காமல் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடிச்சட்டங்களின் மேல் நீளவாக்கில் ஓடும் இணைப்புச் சட்டங்கள் உத்திரத்துக்குக் குறுக்கே வரும். அவை தேவையற்ற மரம்போலத் தோன்றும். டிரஸ்கள் சீட்டுக்கட்டு போல வரிசையாகச் சாயாமல் பிடித்திருப்பவை அவைதான். மாற்று இணைப்பைப் பொருத்திய பிறகே பழையதைக் கழற்ற வேண்டும்.

## வழி 4: ஊடுசட்டங்களை எடுத்து முழு இடத்தையும் திறப்பது

முடியாத வேலையல்ல. முறையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்வது டிரஸ்ஸைத் திருத்துவதல்ல. டிரஸ்ஸே இல்லாத வேறொரு கூரையை அதே ஓட்டுக்கு அடியில் கட்டுவது.

ஊடுசட்டம் செய்துவந்த வேலையை யார் செய்வது என்று கணக்கிட்டால் அளவு புரியும். ஓடு, மரம், காற்று எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் என்று வைப்போம். 8 மீட்டர் கூரையில் மேல்சட்டத்தின் நடுவில் வரும் சுமை, நீளவாக்கில் மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன். 6 மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 2 டன்னுக்கு மேல். இவ்வளவையும் புதிய விட்டங்கள் ஏந்தி, முகப்புச் சுவர்களிலோ உள்சுவரிலோ இறக்க வேண்டும். கூரையின் எடையை இவ்வளவு நாள் சுமந்தது இறவாரச் சுவர். இப்போது சுமை வருவது வேறு சுவருக்கு. அந்தச் சுவரும் அதன் அஸ்திவாரமும் தயாரா என்பதுதான் பொறியாளர் முதலில் பார்க்கும் விஷயம்.

வேலை நடக்கும் வரிசையில் சலுகையே கிடையாது. முதலில் தள உத்திரங்களும் விட்டங்களும். பிறகு மேல்சட்டத்துக்கும் தளத்துக்கும் இடையே குட்டைச் சுவர்க் கால்கள், மேலே இரு சரிவையும் இணைக்கும் கிடைச்சட்டம். எல்லா இணைப்பும் முறுக்கி முடிந்த பின்னரே ரம்பம் மேலே ஏறும். அதுவும் ஒரு டிரஸ் முடித்து அடுத்தது. பழைய தகட்டைப் பிடுங்கிச் சுத்தியலால் திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். ஒருமுறை பிடுங்கிய பல் பழைய பிடியைத் தராது. பல இடங்களில் பொறியாளரின் ஒப்புதலின்றி டிரஸ்ஸை வெட்டுவதோ, துளைப்பதோ, பள்ளம் தட்டுவதோ கட்டட விதிமீறலும்கூட. அமெரிக்க வீட்டு விதிகள் இதை வெளிப்படையாகவே தடுக்கின்றன. வீட்டை விற்கும்போதும் காப்பீடு கேட்கும்போதும் பொறியாளர் ஒப்பிய வரைபடம் கையில் இருக்க வேண்டும்.

பெட்டி அடுக்குவதற்காக மட்டும் இதைச் செய்வது வீண் என்பது என் கருத்து. மனிதர் வாழும் அறை வேண்டும், சரிவும் உயரமும் போதும், நிலையான படிக்கட்டுக்கு இடம் இருக்கிறது என்றால் மட்டுமே இதன் செலவு அர்த்தப்படும்.

## வழி 5: பரண் டிரஸ்

கூரை இன்னும் போடவில்லை அல்லது முழுதாக மாற்றப்போகிறீர்கள் என்றால் மற்ற நான்கையும் மறந்துவிடலாம். நடுவில் செவ்வகமாகத் திறந்திருக்கும்படி, அடிச்சட்டம் தள உத்திரம் அளவுக்குத் தடிப்பாக, ஆலையிலேயே செய்துவரும் டிரஸ் இது. சரிவை மட்டும் முன்பே யோசியுங்கள். 8 மீட்டர் அகலத்தில் 30 டிகிரி என்றால், மர அளவைக் கழிக்கும் முன்பே, 1 மீட்டர் உயரத்தில் 4.5 மீட்டர் அகலம், 1.5 மீட்டரில் 2.8, 2 மீட்டரில் வெறும் 1.1. பொருள் வைக்க இது நல்ல இடம், நிமிர்ந்து நடக்க அல்ல. 45 டிகிரியில் 2 மீட்டர் உயரத்திலும் 4 மீட்டர் அகலம் இருக்கும். சரிவு கூடினால் டிரஸ் உயரும். லாரியில் ஏறாத உயரமானால் இரண்டு துண்டாகச் செய்து, வீடு கட்டும் இடத்தில் பொருத்துவார்கள். எடை கூடுவதால் கிரேன் தேவைப்படும்.

## ஒரே பார்வையில்

| வழி | தாங்கும் எடை | எடை போவது | பழையபடி ஆகுமா | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| 1. இலேசான தளம் | வடிவமைப்புத் தாளில் உள்ளதில் தளத்தின் எடை போக | டிரஸ் | ஆகும் | உயர்த்தும் கால்கள் | துணி, அலங்காரப் பொருள் |
| 2. துணைச்சட்டம் | பழைய அளவே | டிரஸ் | ஓரளவு | பொய்யான தைரியம் | ஆடும் சீலிங் |
| 3. தனி உத்திரம் | 100 கிலோ/ச.மீ., அதற்கு மேலும் | சுவர் | ஆகும் | மரத்தை உள்ளே நுழைக்கும் கூலி | கனமான பெட்டி, நடுச்சுவர் உள்ள வீடு |
| 4. ஊடுசட்டம் நீக்கம் | வடிவமைப்பைப் பொறுத்தது | விட்டம், பிறகு வேறு சுவர் | ஆகாது | விட்டம், அஸ்திவாரச் சோதனை, படிக்கட்டு | வாழும் அறை |
| 5. பரண் டிரஸ் | ஆலைக் கணக்குப்படி | டிரஸ் | பொருந்தாது | கிரேன், உயரம் | புதுக் கூரை |

## இரும்புக் குழாய் டிரஸ்ஸாக இருந்தால்

தகர ஷீட் போட்ட குழாய் டிரஸ்ஸுக்கும் இதே தர்க்கம்தான், ஆனால் கையிருப்பு இன்னும் குறைவு. ஷீட் இலேசு என்பதால் டிரஸ்ஸும் இலேசாகவே செய்திருப்பார்கள். எதைத் தொங்கவிட்டாலும் மூட்டில் மட்டும் தொங்கவிடுங்கள், இரண்டு மூட்டுக்கு நடுவில் வேண்டாம். சுமையில் இருக்கும் குழாயில் புதிதாக வெல்டிங் வைப்பது, சூட்டில் அந்த இடத்தின் பலத்தை அந்நேரம் குறைக்கும். வழி 3 இங்கும் செல்லும், மரத்துக்குப் பதில் இரும்புச் செவ்வகக் குழாய்.

## யாரோ ஏற்கெனவே வெட்டியிருந்தால்

பழைய வீடு வாங்கியவர்களுக்கு இது அபூர்வமல்ல. மேலே ஏறினால் ஒரு டிரஸ்ஸில் ஊடுசட்டத்தின் இடத்தில் வெறும் தகடும் அறுத்த கட்டையும் தெரியும். முதலில் பொருட்களை இறக்கிவிடுங்கள். அடிச்சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டி நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, தேதியோடு அந்தச் சட்டத்திலேயே எழுதுங்கள். வெளியே நின்று முகட்டுக் கோட்டைப் பாருங்கள். அறுத்த இடத்துக்கு நேர் மேலே பள்ளம் தெரிந்தால் காத்திருக்க நேரமில்லை. அறுத்த ஒவ்வொரு சட்டத்தையும் அளவோடு படமெடுத்துப் பொறியாளரிடம் கொடுங்கள். இருபுறமும் பிளைவுட் வைத்துப் பசையும் ஆணியும் போட்டு இணைக்கும் முறையை அவர் வரைந்து தருவார். ஒன்றிரண்டு சட்டங்கள்தான் என்றால் பெரும்பாலும் ஓரிரு நாள் வேலை. ஆனால் தொய்ந்த டிரஸ்ஸைத் தொய்ந்த நிலையிலேயே ஒட்டினால் தொய்வும் நிலைத்துவிடும். ஜாக்கி வைத்து மெல்ல உயர்த்திய பிறகே பிளைவுட் ஏற வேண்டும். அந்த ஜாக்கி நிற்கும் இடத்துக்கு அடியில் சீலிங் அல்ல, தரைவரை இறங்கும் முட்டு இருக்க வேண்டும்.